இழுத்துப் பூட்டும் சைகைக்குக் காப்புரிமை யாரிடம் இருக்கிறது?

ஐந்துரோடு கேட்டது:

வணக்கம். சேலம் ஐந்து ரோட்டுக்கு அருகில் நானும் என் கல்லூரி நண்பரும் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். ஏற்காட்டில் உள்ள ஒரு காப்பித் தோட்டத்துக்காக எடைக் கணக்குச் செயலி ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதன் ஒரு சிறு பகுதி இப்போது எங்களுக்குப் பெரிய கவலையாகிவிட்டது. விவரமறிந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன். சற்று நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுவடைக் காலத்தில் மாலை 4 மணிக்கு மேல் பழம் பறித்தவர்கள் மூட்டையோடு எடை போடும் கொட்டகைக்கு வருவார்கள். ரைட்டர் (தோட்டத்தில் கணக்கு எழுதுபவர்) ஒரு கையால் மூட்டையைத் தராசில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையிலுள்ள கைப்பேசியில் கட்டைவிரலால் மட்டுமே பதிவு செய்தாக வேண்டும். பழத்தின் பிசுபிசுப்பு விரலில் ஒட்டியிருக்கும். மூடுபனி திரையில் முத்து முத்தாகப் படிந்திருக்கும். பொத்தானைத் தொட்டுப் பதிவு செய்யும் எங்கள் முதல் பதிப்பில் ஒரே மாலையில் 11 தவறான பதிவுகள் விழுந்தன. 42 கிலோ பறித்த ஓர் அம்மாவின் கூலி அடுத்த வரியில் இருந்தவர் பெயரில் ஏறிவிட்டது. அன்று இரவு மலையிறங்கும்போது நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

அதன்பின் முறையை மாற்றினோம். தராசிலிருந்து எடை புளூடூத் வழியாகப் பறித்தவர் பெயருள்ள வரியில் தானாக வந்து நிற்கும். அந்த வரியின் இடது ஓரத்தில் ஒரு மூட்டைப் படம் இருக்கும். அதைக் கட்டைவிரலால் வலது ஓரம் வரை இழுத்துச் சென்றால் பதிவு பூட்டப்படும். நடுவில் விரலை எடுத்துவிட்டால் மூட்டை பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். ஈரத்தினால் திரை நம் விரலை ஒரு கணம் தவறவிடுவது வழக்கம் என்பதால், தொடுதல் அறுந்த உடனே மூட்டையைத் திருப்பி அனுப்பாமல் 300 மில்லிவினாடி காத்திருந்து, அதற்குள் அருகிலேயே அதே திசையில் விரல் மீண்டும் பட்டால் இழுப்பு தொடர்வதாகவே எடுத்துக்கொள்ளும்படி எழுதினோம். சென்ற அறுவடை முழுவதும் கூலிக் கணக்கில் ஒரு சச்சரவும் வரவில்லை.

இப்போது வெளிநாட்டு நிறுவனம் ஒன்று இந்தச் செயலியை அமெரிக்காவிலும் விற்பதற்கு வாங்கிக்கொள்ள முன்வந்திருக்கிறது. ஆனால் அவர்களுடைய வழக்கறிஞர் அனுப்பிய கடிதத்தில், திரையில் இழுக்கும் சைகைகள் ஆப்பிள் நிறுவனத்துக்குச் சொந்தமானவை என்றும், இதே காரணத்துக்காகச் சாம்சங் 100 கோடி டாலருக்கு மேல் தண்டம் கட்ட வேண்டியதாயிற்று என்றும், ஆகவே எந்தக் காப்புரிமை வழக்கு வந்தாலும் முழு இழப்பையும் உச்சவரம்பின்றி நாங்களே ஏற்பதாகக் கையெழுத்திட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். அப்படியொரு பொறுப்பை ஏற்கும் வசதி எங்களுக்கு இல்லை.

எங்கள் சைகை உண்மையிலேயே அவர்களுடைய உரிமையை மீறுகிறதா? அது எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு என்றால், நாங்களே காப்புரிமை பெற முடியுமா? 8 மாதங்களுக்கு முன்பு சேலத்தில் நடந்த ஒரு தொழில் கண்காட்சியில் இதைச் செய்து காட்டி, அந்தக் காணொளியை யூடியூபிலும் ஏற்றியிருக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்ப்பேட்டையாள் பதில்:

நான் சென்னையில் காப்புரிமை முகவராகப் பணிபுரிகிறேன். சொந்த ஊர் சேலம். உங்கள் இரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னியிருந்தாலும் தனித்தனியாகவே பார்க்க வேண்டும்.

அந்தக் கடிதத்தின் அடிப்படை வாக்கியமே தவறானது. இழுக்கும் சைகை என்று பொதுவாக ஒன்று எவருக்கும் சொந்தமாக முடியாது. காப்புரிமை ஆவணத்தில் எண்ணிட்டு எழுதப்பட்டிருக்கும் உரிமைக்கோரல்கள்தாம் உரிமையின் எல்லை. நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுகிறோம் அல்லவா, அதே வேலையை அந்தக் கோரல்கள் செய்கின்றன. பத்திரத்தின் முதல் பக்கத்தில் ஊர்ப் பெயர் இருப்பதால் ஊரே அவருடையதாகிவிடாது. ஒரு கோரலில் 5 கூறுகள் இருந்தால் அந்த 5 கூறுகளும் உங்கள் செயலியில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் நேரடியான உரிமை மீறல் ஆகாது. சொல்லில் வேறுபட்டுச் செயலில் சமமாக இருப்பதையும் மீறலாகக் கொள்ளும் கோட்பாடு ஒன்று அமெரிக்காவில் உண்டு. ஆயினும் வாசிப்பைக் கோரலிலிருந்துதான் தொடங்குவார்கள்.

இரு விரல்களால் படத்தைப் பெரிதாக்கும் சைகைக்கே ஆப்பிள் காப்புரிமை வைத்திருப்பதாக 2012இல் ஊடகங்கள் எழுதின. ஆப்பிள், சாம்சங் மீது தொடுத்த அந்த வழக்கில் இருந்த 7,844,915 எண் காப்புரிமையின் 8ஆம் கோரலை எடுத்துப் படித்தால், அதன் மையம் வேறாக இருக்கிறது. திரையில் ஒரு விரல் பட்டால் அதை நகர்த்தலாகவும், இரண்டோ அதற்கு மேலோ பட்டால் சைகையாகவும் மென்பொருள் எவ்வாறு பிரித்தறிந்து செயல்படுகிறது என்பதைத்தான் அது கோருகிறது. அதேபோல 7,469,381 எண் காப்புரிமையின் 19ஆம் கோரல், பட்டியலின் விளிம்பைத் தாண்டி இழுக்கும்போது அப்பாலுள்ள வெற்றிடம் தெரிவதையும், விரலை எடுத்ததும் பட்டியல் பின்னோக்கித் துள்ளி அந்த வெற்றிடம் மறைவதையும் பற்றியது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் விளிம்பு வந்ததும் துள்ளலுக்குப் பதிலாக நீல ஒளி தோன்றியதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கோரலின் ஒரு கூறைத் தவிர்த்துவிட்டால் அதே பயனை வேறு வழியில் தரலாம் என்பதற்கு அதைவிடத் தெளிவான காட்டு எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்கு நெருக்கமானது 8,046,721 எண் காப்புரிமை (சுருக்கமாக 721). இழுத்துத் திறக்கும் பூட்டு. அதன் கோரல்களை அவசியம் முழுமையாகப் படியுங்கள். முன்குறித்த இடத்திலுள்ள திறப்புப் படத்தின் மீது விரல் படுவது, தொடர்பு அறாமல் விரல் நகர அந்தப் படமும் கூடவே நகர்வது, படம் குறிப்பிட்ட பகுதியை அடைந்ததும் கையடக்கக் கருவி திறக்கப்படுவது ஆகியவை அதன் கூறுகள். 8ஆம் கோரலில் இழுக்க வேண்டிய திசையைக் காட்டும் குறிப்பும் சேர்கிறது. உங்கள் செயலியில் கருவி ஏற்கெனவே திறந்திருக்கிறது. நீங்கள் பூட்டுவது ஒரு கணக்கு வரியை. கருவியைத் திறத்தல் என்ற கூறு உங்களிடம் இல்லை. என் கருத்தில் உங்களுடைய வலுவான வேறுபாடு இதுதான்.

தொடுதல் அறுந்தாலும் தொடரும் உங்கள் ஏற்பாட்டை நீங்கள் இரண்டாவது வேறுபாடாகக் காட்ட விரும்பலாம். அதில் சற்று எச்சரிக்கை தேவை. வெயில் காய்ந்த நாளில், உலர்ந்த விரலோடு ரைட்டர் இழுக்கும்போது தொடர்பு அறாமல்தானே மூட்டை நகர்கிறது? அந்த நேரத்தில் அந்தக் கூறு உங்கள் செயலியிலும் நிறைவேறிவிடுகிறது. ஆகவே அதை மீறலுக்கு எதிரான கேடயமாக நம்பாமல், உங்கள் சொந்த விண்ணப்பத்தின் உயிர்நாடியாக வைத்துக்கொள்ளுங்கள்.

காலக்கணக்கும் பாருங்கள். அமெரிக்கக் காப்புரிமையின் ஆயுள் முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டுகள். அலுவலகத் தாமதத்துக்காக நாட்கள் கூட்டப்படுவதும் உண்டு. 721 காப்புரிமையின் மூல விண்ணப்பம் 2005 டிசம்பர் 23 அன்று தாக்கலானது. எனவே அதன் அடிப்படைக் கணக்கு 2025 டிசம்பரோடு முடிகிறது. கூட்டப்பட்ட நாட்கள் இருந்தால் அவற்றைப் பதிவேட்டில் பார்த்து, அந்தப் பக்கத்தையே வழக்கறிஞருக்குப் பதிலோடு இணைத்து அனுப்புங்கள். அமெரிக்கக் காப்புரிமை இந்தியாவில் செல்லாது என்பதால், ஏற்காட்டுத் தோட்டத்தில் செயலி ஓடுவதை அது தடுக்கவும் முடியாது.

ஒரே கண்டுபிடிப்புக்கு நாட்டுக்கு நாடு எவ்வளவு வேறுபட்ட முடிவு வரும் என்பதற்கும் இந்தப் பூட்டே சான்று. சுவீடனின் நியோநோடு நிறுவனம் என்1 என்ற கைப்பேசியில், திரையில் விரலை இடமிருந்து வலமாக வீசித் திறக்கும் முறையை ஆப்பிளுக்கு முன்பே வைத்திருந்தது. அதில் விரலோடு நகரும் படம் மட்டும் இல்லை. அந்தப் படத்தைச் சேர்ப்பது துறையறிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியதே என்று 2012 ஜூலையில் லண்டன் உயர் நீதிமன்றம் எச்டிசி என்ற கைப்பேசி நிறுவனம் தொடுத்த வழக்கில் சொல்லி, ஐரோப்பியக் காப்புரிமையைச் செல்லாததாக்கியது. 2013இல் ஜெர்மானியக் காப்புரிமை நீதிமன்றமும், 2015இல் அந்நாட்டின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றமும் அதே முடிவுக்கு வந்தன. அமெரிக்காவிலோ சாம்சங்குக்கு எதிராக 2014இல் நடுவர் குழு ஆப்பிளுக்கு 11.96 கோடி டாலர் வழங்கிய இன்னொரு வழக்கில், 2016 பிப்ரவரியில் மேல்முறையீட்டு அமர்வு இந்தக் காப்புரிமை செல்லாது என்று சொல்ல, அதே ஆண்டு அக்டோபரில் அந்நீதிமன்றத்தின் முழு அமர்வு அதை மாற்றி நடுவர் குழுவின் முடிவை நிலைநிறுத்தியது. சாம்சங் சார்பில் நியோநோடு கைப்பேசியோடு, மேரிலாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர் கேத்தரின் பிளெசான் 1992இல் காட்டிய தொடுதிரைச் சுவிட்சுகளும் ஆதாரமாக வைக்கப்பட்டன. அவை வீட்டுச் சுவரில் பொருத்தும் கருவிகளுக்கானவை, சட்டைப்பைக் கைப்பேசி வடிவமைப்பவர் அவற்றைத் தேடிப் போகமாட்டார் என்று நடுவர் குழு கருதியதில் தவறில்லை என்று முழு அமர்வு ஏற்றுக்கொண்டது. சுவரிலா, சட்டைப்பையிலா என்ற வேறுபாடும் இந்தக் காப்புரிமையைக் காப்பாற்ற உதவியது.

நம் மாநிலத்து வழக்கு ஒன்றும் உங்களுக்கு உதவும். இரட்டைத் தீப்பொறிச் செருகி உள்ள எஞ்சினுக்காகப் பஜாஜ், ஓசூரின் டிவிஎஸ் நிறுவனத்துக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2008 பிப்ரவரியில் தடை பெற்றது. 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நீக்கியது. டிவிஎஸ் எஞ்சினில் வால்வு 3 என்பதும் அங்கே முக்கிய வாதமாக இருந்தது. எஞ்சினாக இருந்தாலும் தொடுதிரையாக இருந்தாலும் நீதிமன்றம் கோரலின் கூறுகளைத்தான் எண்ணிப் பார்க்கிறது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கண்காட்சியும் காணொளியும் உங்களுக்குப் பெரும் இடையூறு. இந்தியாவில் விண்ணப்பத்துக்கு முன் பொதுவெளியில் வெளியாகாத ஒன்றே புதுமை. காப்புரிமைச் சட்டம் 31ஆம் பிரிவில் கண்காட்சிக்கு 12 மாதச் சலுகை உண்டு என்றாலும், அது மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டுமே பொருந்தும். உள்ளூர்த் தொழில் கண்காட்சி அதில் அடங்காது. அமெரிக்கச் சட்டத்தில் கண்டுபிடித்தவர் தாமே வெளியிட்டதற்கு ஓராண்டுச் சலுகை இருக்கிறது. உங்களுக்கு அங்கே இன்னும் 4 மாதங்கள் மிச்சம். இந்த வேறுபாட்டில் ஆப்பிளே சிக்கியது. 2007 ஜனவரி 9 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஐபோனை அறிமுகப்படுத்தியபோது விளிம்பில் துள்ளும் படங்களைக் காட்டினார். அந்த மேடைக் காணொளியையே ஆதாரமாகக் கொண்டு 2013 செப்டம்பரில் மியூனிக் நீதிமன்றம் துள்ளல் பற்றிய ஐரோப்பியக் காப்புரிமையைச் செல்லாததாக்கியது. அங்கே ஓராண்டுச் சலுகை இல்லை.

ஆகவே ஒன்றை மிகத் துல்லியமாகச் சொல்லுங்கள்: காணொளியிலும் கண்காட்சியிலும் மூட்டையை இழுப்பதை மட்டும் காட்டினீர்களா, அல்லது தொடுதல் அறுந்த பின் காத்திருந்து தொடரும் உள்வேலையையும் விளக்கினீர்களா?

மஞ்சக்குட்டை பதில்:

நான் சேர்வராயன் மலையில் காப்பி பயிரிடுபவன். கேள்வி கேட்டவரின் செயலியைப் பயன்படுத்தும் தோட்டம் என்னுடையதன்று. ஆனால் சென்ற ஜனவரியில் அங்கே போயிருந்தபோது அந்த எடைக் கொட்டகையில் அரை மணி நேரம் நின்று பார்த்தேன். என்னோடு இன்னும் இரண்டு தோட்டக்காரர்கள் இருந்தார்கள். நனைந்த கட்டைவிரலோடு ரைட்டர் வரிசையாக 30 பேருடைய மூட்டைகளைப் பூட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் மூட்டைப் படம் நடுவழியில் நின்று, மறுபடி நகர்ந்து போய்ச் சேர்ந்தது. எப்படி என்று கேட்டோம். "ஈரத்துக்கு ஏற்ற மாதிரி செய்திருக்கிறார்கள்" என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

நாங்கள் பார்த்தது உங்களுக்குப் பாதகமாகுமா என்பதை அம்மையார்தாம் சொல்ல வேண்டும். பறித்தவருக்குப் பறித்த கிலோவுக்கான கூலி பிசகாமல் சேருவதற்காகச் செய்த வேலை இது என்பதை நேரில் கண்டவன் என்ற முறையில், தேவைப்பட்டால் நான் பார்த்ததைப் பார்த்தபடி எழுதித் தருகிறேன்.

கருப்பூர் ஆசிரியர் பதில்:

மின்னணுவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். சட்டத்தை அம்மையார் விளக்கிவிட்டார். அந்த 100 கோடி டாலர் குறித்தும், இத்துறையின் வரலாறு குறித்தும் நான் சிறிது சொல்ல விரும்புகிறேன். பெரிய எண்ணைக் காட்டி இளைஞர்களைக் கையெழுத்திட வைப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

2012 ஆகஸ்ட் 24 அன்று கலிபோர்னியாவின் சான் ஓசே நகரில் நடுவர் குழு சொன்ன தொகை 104.9 கோடி டாலர். அது அப்படியே நிற்கவில்லை. மறு விசாரணைகளில் குறைந்து, 2016 டிசம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வடிவுரிமை (பொருளின் தோற்றத்துக்கான உரிமை) இழப்பீட்டை முழுக் கைப்பேசியின் இலாபத்தை வைத்துத்தான் கணக்கிட வேண்டும் என்பதில்லை என்று எட்டு நீதிபதிகளும் ஒருமித்துச் சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2018 மே மாதம் புதிய நடுவர் குழு சுமார் 53.9 கோடி டாலர் வழங்கியது. அடுத்த மாதமே இரு தரப்பும் சமரசமாயின. அந்த 53.9 கோடியில் 53.33 கோடி கைப்பேசியின் முகப்பு, ஓரம், திரைச் சின்னங்களின் அமைப்பு போன்ற தோற்றத்துக்கானது. நான் முதன்முறை அந்தக் கணக்கைப் பார்த்தபோது இரண்டு தடவை கூட்டிச் சரிபார்த்தேன்: சைகை தொடர்பான இரண்டு காப்புரிமைகளுக்குக் கிடைத்தது சுமார் 53 லட்சம் டாலர்தான். அதாவது நூற்றில் ஒரு பங்கு. உங்களுக்கு வந்த கடிதம் தோற்றத்துக்கான தண்டத்தைச் சைகையின் கணக்கில் எழுதியிருக்கிறது.

சைகைகளின் வேரும் ஒரே நிறுவனத்தில் இல்லை. இங்கிலாந்தின் மால்வெர்னில் அரச ரேடார் ஆய்வகத்தில் பணியாற்றிய ஈ. ஏ. ஜான்சன் மின்தேக்குத் தொடுதிரையைப் பற்றி 1965இலேயே எழுதினார். டொராண்டோ பல்கலைக்கழகத்தில் 1982இல் நிமிஷ் மேத்தா பல விரல்களை ஒரே நேரத்தில் உணரும் பலகையைச் செய்தார். டெலவேர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெய்ன் வெஸ்டர்மனும் ஜான் எலியாஸும் 1998இல் தொடங்கிய ஃபிங்கர்வொர்க்ஸ் நிறுவனத்தை ஆப்பிள் 2005இல் வாங்கியது. ஐபோனுக்கு முன்பே பல விரல் சைகைகளைக் கொண்ட விசைப்பலகைகளை அவர்கள் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஆப்பிள் பணம் கொடுத்த வழக்கும் உண்டு. தைவானின் எலான் மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் பல விரல்களை உணரும் முறைக்கான தன் காப்புரிமையை வைத்து 2009இல் வழக்குத் தொடுக்க, 2012 ஜனவரியில் 50 லட்சம் டாலர் கொடுத்து ஆப்பிள் சமரசம் செய்துகொண்டது.

உங்கள் ஏற்பாட்டின் இயற்பியலை எழுத்தில் வைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மின்தேக்குத் திரை அழுத்தத்தை உணர்வதில்லை; விரல் நெருங்கும்போது மின்தேக்குத் திறனில் ஏற்படும் சிறு மாற்றத்தைத்தான் அளக்கிறது. நீரும் மின்னோட்டத்தைக் கடத்துவதால், விரலைச் சுற்றி நீர்ப்படலம் பரவும்போது குறியீடு சிதறி, கட்டுப்பாட்டுச் சில்லு விரல் போய்விட்டதாக முடிவு செய்கிறது. நீங்கள் தீர்த்தது அந்தச் சிதறலை. "பயனருக்கு எளிதாக இருக்கிறது" என்று எழுதினால் அது வெறும் நிரலாகத் தெரியும். "ஈரத்தால் அறும் தொடுகுறியீட்டைத் தொலைவு, திசை, கால இடைவெளி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு மீட்கிறது" என்று எழுதினால் அது பொறியியலாகத் தெரியும். செய்த வேலைக்குப் பொருத்தமான விளக்கமும் பின்னதுதான்.

ஐந்துரோடு எழுதியது:

மூவருக்கும் நன்றி. காணொளியை இன்று காலை நாங்கள் இருவரும் நான்கு முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். அதில் மூட்டையை இழுப்பது தெளிவாக இருக்கிறது. ஒரு இடத்தில் நண்பர் திரையில் தண்ணீர் தெளித்து இழுத்துக் காட்டுகிறார்; படம் ஒரு கணம் நின்று தொடர்கிறது. ஆனால் எவ்வாறு என்று எங்கும் சொல்லவில்லை. 300 மில்லிவினாடியையோ திசை ஒப்பீட்டையோ குறிப்பிடவில்லை. கண்காட்சியில் கேட்டவர்களுக்கும் அந்த விளக்கத்தைக் கொடுக்கவில்லை. நிரல் எங்கள் இருவரிடம் மட்டுமே இருக்கிறது. தோட்டத்தில் நிறுவிய கைப்பேசிகள் இரண்டு, அவையும் ரைட்டரிடமே இருக்கின்றன.

செவ்வாய்ப்பேட்டையாள் பதில்:

நிலைமை நான் அஞ்சியதைவிட நன்றாகவே இருக்கிறது. மூட்டையை இழுத்துப் பூட்டுவதை இந்தியாவில் இனிக் கோர முடியாது; அது வெளியாகிவிட்டது. அறுந்த தொடுதலை மீட்கும் முறையைக் கோரலாம். ஈரத்தில் படம் நின்று தொடர்வதைப் பார்த்த ஒருவர் அதன் முறையை எளிதில் ஊகித்திருப்பார் என்று காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் கேட்கக்கூடும். அதற்கு விடை, காத்திருத்தல் மட்டும் போதாது, தொலைவும் திசையும் சேர்ந்தால்தான் பிழையான தொடுதல்களை விலக்க முடிகிறது என்பதை உங்கள் சோதனைகளைக் கொண்டு காட்டுவது. மஞ்சக்குட்டை ஐயா கொட்டகையில் பார்த்ததும் இதே தன்மையதுதான். பார்வையாளருக்கு விளைவு தெரிந்ததே தவிர முறை தெரியவில்லை. நியாயமான சோதனைக்காகப் பொதுவில் இயக்கிப் பார்த்ததற்கு 32ஆம் பிரிவில் ஓராண்டுப் பாதுகாப்பும் உண்டு. ஆனால் கூலிக் கணக்குக்கே ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்தியதைச் சோதனை என்று வாதிடுவது கடினம். அதன்மீது எதையும் கட்டாதீர்கள்.

இந்தியச் சட்டத்தின் 3ஆம் பிரிவு கே உட்பிரிவு, கணினி நிரலை நிரல் என்ற அளவிலும் படிமுறைகளையும் காப்புரிமைக்கு வெளியே வைக்கிறது. 2019 டிசம்பரில் ஃபெரித் அல்லானி வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம், தொழில்நுட்ப விளைவு காட்டப்பட்டால் நிரல் சார்ந்தது என்பதற்காக மட்டும் ஒரு கண்டுபிடிப்பைத் தள்ளிவிடக் கூடாது என்று கூறியது. ஆசிரியர் ஐயா சொன்ன மின்தேக்கு விளக்கம் இந்த இடத்தில்தான் உங்களுக்குக் கைகொடுக்கும். அதை அப்படியே விவரிப்பில் சேருங்கள்.

தாமதிக்காமல் இந்த வாரமே கிண்டி காப்புரிமை அலுவலகத்துக்கு இணையவழியாகத் தற்காலிக விவரிப்பை, அதாவது கண்டுபிடிப்பின் முதற்கட்ட விளக்கத்தை, தாக்கல் செய்யுங்கள். உங்கள் இருவர் பெயரிலும் தனிநபர்களாகத் தாக்கல் செய்தால் கட்டணம் 1,600 ரூபாய். முழு விவரிப்புக்கு அதிலிருந்து 12 மாதங்கள் உண்டு. பரிசோதனை கோரும்போது தனிநபருக்கு 4,000 ரூபாய். அமெரிக்காவில் நேராகப் போய் முதலில் விண்ணப்பித்துவிடாதீர்கள். இந்தியாவில் வசிப்பவர் 39ஆம் பிரிவின்படி இங்கே தாக்கல் செய்து 6 வாரங்கள் கழித்தோ, அல்லது முன்அனுமதி பெற்றோதான் வெளிநாட்டில் விண்ணப்பிக்க வேண்டும். மீறினால் இந்திய விண்ணப்பமே கைவிடப்பட்டதாகிவிடும். உங்கள் 4 மாதத்தில் அந்த 6 வாரம் போக மீதியைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில், "எங்கள் அறிவுக்கு எட்டியவரை எந்தக் காப்புரிமையையும் மீறவில்லை" என்ற அளவில் உறுதியைச் சுருக்கி, இழப்பீட்டை அவர்கள் உங்களுக்குச் செலுத்தும் தொகைக்குள் அடக்கக் கேளுங்கள். 721 காப்புரிமையின் கோரலையும் உங்கள் செயலியின் படிகளையும் அருகருகே எழுதிய ஒரு பக்க ஒப்பீட்டை இணைத்தால், அவர்களுடைய வழக்கறிஞருக்கும் மறுப்பது எளிதாக இராது.

முதல் பதிப்பில் 11 தவறான பதிவுகள் விழுந்த அந்த மாலையின் பதிவேடு உங்களிடம் இருக்குமானால், தேதியோடு அதைப் பத்திரமாக வையுங்கள். அதே கொட்டகையில், அதே ஈரத்தில், காத்திருத்தல் மட்டும் இருந்த பதிப்புக்கும் மூன்று ஒப்பீடுகளும் சேர்ந்த பதிப்புக்கும் எத்தனை பிழைகள் வந்தன என்ற எண்ணிக்கையும் இருந்தால், விண்ணப்பம் எழுதும் முன் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

ஐந்துரோடு எழுதியது:

முதல் பதிப்பின் பதிவேடு இருக்கிறது அம்மா. இரண்டு பதிப்புகளையும் ஒரே மாலையில் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. ரைட்டரிடம் பேசிவிட்டேன்; சனிக்கிழமை இரண்டு கைப்பேசிகளோடும் ஒரு வாளித் தண்ணீரோடும் கொட்டகையில் உட்காரப் போகிறோம். எண்ணிக்கையை அன்று இரவே அனுப்புகிறேன்.